விண்ணப்பத்தின் முகப்பில் ஒரு கடிதம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியை நெருங்கும்போதே காற்றின் வாசனை மாறிவிடுகிறது. இரும்பை உருக்கும் உலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், இரசாயனக் கூடங்கள், உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் எனச் சாலையின் இருமருங்கும் நிறைந்து கிடக்கின்றன. 1971ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய சிப்காட் நிறுவனம் வளர்த்தெடுத்த தொழிற்பேட்டைகளுள் இது ஒன்று. மேற்கே சற்றுத் தொலைவில் தேர்வாய்கண்டிகை. அங்கே டயர் உற்பத்தி நடைபெறுகிறது. திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர்த் தொழிற்பேட்டை. எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி. கிழக்கே கடலோரத்தில் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள்.

இவற்றின் நிழலிலேயே நம் மக்கள் வாழ்கின்றனர். பழவேற்காட்டில், பொன்னேரியில், மீஞ்சூரில், கும்மிடிப்பூண்டியில், திருவள்ளூரில் நம் ஜமாஅத்துகள் உள்ளன. பழவேற்காட்டு முஸ்லிம்களின் வாணிப வரலாறு பல நூற்றாண்டுப் பழைமையுடையது. மலேசியாவில் இன்றும் சாரத்தை 'பெலிகாட்' என்று அழைக்கிறார்கள். பழவேற்காட்டின் ஆங்கிலப் பெயரான 'புலிகாட்' என்பதிலிருந்து பிறந்த சொல் அது. கடல் கடந்த நாடுகளில் தன் பெயரைப் பதித்துவிட்டு வந்த ஊரின் பிள்ளைகள், தம் வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து கல் தொலைவிலுள்ள தொழிற்சாலையின் வாயிலைத் தாண்டி உள்ளே செல்ல இயலாமல் நிற்கிறார்களே, ஏன்?

காரணங்கள் பல. படிப்பு ஒன்று, பரிந்துரை ஒன்று, ஒப்பந்தக்காரர்கள் வழியே ஆள் எடுக்கும் வழக்கம் ஒன்று. பெயரைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள் என்னும் மனக்குறையும் நம்மிடையே உண்டு. அது முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆங்காங்கே நடக்கத்தான் செய்கிறது. ஆனால் கிடைக்காத வேலை அனைத்திற்கும் அதையே காரணமாகச் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டால், நம் கையில் இருப்பதையும் நாம் செய்யாமல் விட்டவர்களாவோம். நம் கையில் இருப்பவற்றுள் மிகச் சிறியதும், மிக எளிதில் சீர்செய்யத் தக்கதும் ஒன்று உண்டு. பயோடேட்டாவின் மேல் வைத்து அனுப்ப வேண்டிய ஒரு பக்கக் கடிதம்தான் அது. அலுவலகங்களில் அதனைக் கவரிங் லெட்டர் என்பார்கள். நாம் முகப்புக் கடிதம் என்று சொல்வோம்.

நம் இளைஞர்களுள் பெரும்பாலோர் அதை எழுதுவதே இல்லை. ஜெராக்ஸ் கடையில் ஒரே பயோடேட்டாவை இருபது பிரதி எடுத்து, இருபது தொழிற்சாலைகளின் வாயிற்காவலர்களிடம் கொடுத்துவிட்டு, "போட்டுவிட்டு வந்திருக்கிறேன், இன்ஷா அல்லாஹ் கூப்பிடுவார்கள்" என்று வீட்டில் சொல்கிறார்கள். எந்த வேலைக்கு என்று அந்தத் தாளில் இருக்காது. காவலர் அதை யாரிடம் கொடுப்பார்? இயந்திரப் பிரிவிற்கா, கணக்குப் பிரிவிற்கா, கிடங்கிற்கா? அவருக்கே தெரியாது. மாலையில் அது ஒரு கட்டின் அடியில் போய்ச் சேரும். முகப்புக் கடிதத்தின் முதல் பயன் இதுதான்: உங்கள் தாள் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதை அது சொல்கிறது.

இரண்டாவது பயன் அதனினும் பெரிது. பயோடேட்டா நீங்கள் கடந்து வந்தவற்றைச் சொல்லும். அந்நிறுவனத்திற்கு இன்று தேவைப்படுவது உங்களிடம் இருக்கிறது என்பதைக் கடிதம்தான் சொல்லும். இந்த இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க நம் சென்னை மாநகரிலேயே ஒரு சான்று இருக்கிறது.

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி. திருவல்லிக்கேணியில் தங்கியிருந்த 24 வயது இளைஞர் ஒருவர், சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்கு அலுவலகத்தில் காலியாக இருந்த எழுத்தர் பணிக்கு விண்ணப்பம் எழுதினார். சில வரிகளே கொண்ட கடிதம். இன்ன பணி காலியாக உள்ளதென அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வகுப்பு வரை படித்ததையும், எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே படிக்க இயலாமற் போனதையும் ஒரே மூச்சில் கூறிவிட்டார். அதன் பின்னர்த் தம் நேரம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருவதைக் குறிப்பிட்டார். வேலை கொடுத்தால் அதைச் செம்மையாகச் செய்ய முடியும் என்னும் நம்பிக்கையைத் தெரிவித்து, நியமனம் வேண்டி முடித்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த நற்சான்றையும் உடன் இணைத்தார். மார்ச் 1ஆம் தேதி மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவர் பணியில் அமர்ந்தார்.

அந்த இளைஞர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

அக்கடிதத்தை மட்டுமே கண்டு வேலை கொடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நெல்லூரில் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் முதலிய பெரியவர்கள் அவர்பால் அக்கறை காட்டினர். துறைமுக அலுவலகத்தில் இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். ஆனால் பரிந்துரை இருந்தும் அவர் கடிதத்தை அலட்சியமாக எழுதவில்லை என்பதையே நாம் பார்க்க வேண்டும். எஃப்.ஏ. தேர்வில் அவர் தோற்றவர். அந்தக் குறையை அவர் ஒளிக்கவுமில்லை, அதற்காக ஒரு பக்கம் புலம்பவுமில்லை. ஒரு வாக்கியத்தின் பாதியில் சொல்லிவிட்டு, "ஆனால் இதைச் செய்து கொண்டிருக்கிறேன்" என்று அடுத்த வாக்கியத்திற்குப் போய்விட்டார். படிப்பு இடையில் நின்றுபோன நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டிய நடை இது.

மறு ஆண்டு, 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்டு, அதே எழுத்தர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் பெறும் துறைமுக அலுவலக எழுத்தர் என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார். பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் கடிதத்தோடு தாம் கண்டறிந்த கணிதத் தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்திருந்தார். 'நான் திறமைசாலி' என்று சொல்வதற்கும், செய்த வேலையை எடுத்து முன்னே வைப்பதற்கும் உள்ள தூரம் அது. அந்தத் தாள்கள்தாம் அடுத்த ஆண்டு அவரைக் கப்பலேற்றின.

இனி நம் இளைஞர்கள் எழுதும் கடிதத்திற்கு வருவோம். எழுதுகிற சிலரும் எப்படி எழுதுகிறார்கள்? கற்பனையாக ஒன்றைச் சொல்கிறேன். படிப்பவர்களுக்கு இது பழகிய குரலாகவே இருக்கும்.

"உயர்திரு முதலாளி அவர்களுக்கு, நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவன். என் தகப்பனார் மறைந்துவிட்டார்கள். மணமாக வேண்டிய இரண்டு தங்கைகள் உள்ளனர். தாங்கள் எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். தாங்கள் பெரிய மனது வைத்து என் குடும்பத்தைக் காப்பாற்றுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லாதிருக்கலாம். படிப்பவர் கண் கலங்கவும் கூடும். ஆயினும் வேலை கிடைக்காது. ஏனெனில் இது வேலை கேட்கும் கடிதமன்று. உதவி கேட்கும் கடிதம். இதைப் பெறத் தகுதியான இடம் ஜமாஅத்தின் பைத்துல்மால். தொழிற்சாலையின் மேலாளர் அல்லர். அவர் மேசையில் ஓர் இயந்திரம் ஆளில்லாமல் நிற்கிறது என்ற செய்தி கிடக்கிறது. அதை ஓட்டத் தெரிந்தவர் யார் என்பதே அவருடைய கேள்வி. "எந்த வேலையும் செய்வேன்" என்பது பணிவாகத் தோன்றினாலும், "எனக்குக் குறிப்பாக எந்த வேலையும் தெரியாது" என்றே அவர் காதில் விழும். பிறரிடம் கையேந்துவதைவிட ஒருவர் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் விறகு சுமந்து விற்பது மேல் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்க, உழைக்க வந்தவன் ஏன் ஏந்திய கையோடு வாயிலில் நிற்க வேண்டும்?

அதே இளைஞரிடம் சற்று அமர்ந்து பேசிப் பார்த்தால் வேறொரு கடிதம் வெளிவரும்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் தொழிற்சாலையில் சி.என்.சி. ஆபரேட்டர் பணியிடம் காலியாக இருப்பதாக விளம்பரத்தில் கண்டு விண்ணப்பிக்கிறேன். ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் 2 ஆண்டுப் பயிற்சி முடித்து, பின்னர் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்தேன். வரைபடம் பார்த்து வேலை செய்யவும், வெர்னியர், மைக்ரோமீட்டர் கொண்டு அளவு பார்க்கவும் தெரியும். புரோகிராம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் டூல் ஆஃப்செட் திருத்துவேன். என் பிரிவில் கழிவான பொருள்களின் கணக்கை ஆறு மாதம் நானே எழுதி வந்தேன். பொன்னேரியில் வசிக்கிறேன், மூன்று ஷிப்டுகளுக்கும் வர இயலும். சான்றிதழ் நகல்களை இணைத்துள்ளேன். தாங்கள் அழைக்கும் நாளில் இயந்திரத்தில் வேலை செய்து காட்டவும் ஆயத்தமாக உள்ளேன்."

ஏழ்மை அப்படியே இருக்கிறது, தங்கைகளும் இருக்கிறார்கள். ஆனால் கடிதத்தில் அவர்கள் இல்லை. எழுதியவர் ஒரு தொழிலாளியாக நிமிர்ந்து நிற்கிறார். இதிலே என்னைக் கவர்ந்த வரி, புரோகிராம் எழுதத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட வரிதான். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர், தெரியும் என்று சொன்ன மற்றவற்றையும் படிப்பவர் நம்புவார். பொன்னேரியில் வசிக்கிறேன், மூன்று ஷிப்டுகளுக்கும் வருவேன் என்பதும் சாதாரண வரியன்று. வெகு தொலைவிலிருந்து வந்து ஆறு மாதத்தில் விட்டுப் போகிறவர்களால் சலித்துப்போன மேலாளருக்கு, அருகில் வசிப்பவர் என்பதே ஒரு தகுதி.

கணக்குப் பிரிவிற்கு விண்ணப்பிக்கும் சகோதரிகளுக்கும் இதையே சொல்வேன். 'பி.காம். பட்டதாரி, கணினி அறிவு உண்டு' என்று எழுதினால் அது எல்லோரும் எழுதுவது. டேலியில் அன்றாடப் பதிவு செய்திருக்கிறீர்களா, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்கு உதவியிருக்கிறீர்களா, சரக்கு வண்டிக்கு இ-வே பில் போட்டிருக்கிறீர்களா என்பதை எழுதுங்கள். கடையில் வாப்பாவுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்ததும் அனுபவந்தான். எத்தனை ஆண்டு, எவ்வகைக் கடை, என்னென்ன பதிவேடு என்று எழுதினால் போதும். அது வீட்டு வேலையன்று, கணக்கு வேலை.

இவ்விடத்தில் மார்க்கப் பற்றுள்ள இளைஞர்கள் சிலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நம்மை நாமே புகழ்ந்து எழுதலாமா? பதவியைக் கேட்டுப் பெறாதீர்கள் என்று ஹதீஸ் இருக்கிறதே? நியாயமான ஐயமே. இதற்கு விடை சூரா யூசுஃபின் 55ஆம் வசனத்தில் இருக்கிறது. சிறையிலிருந்து வெளிவந்த யூசுஃப் (அலை) அவர்கள், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்குமாறு மன்னரிடம் தாமே கேட்டார்கள். தாம் நன்கு பாதுகாப்பவர், அதுபற்றிய அறிவுடையவர் என்று இரண்டே தகுதிகளைச் சொன்னார்கள். பஞ்ச காலத்தில் மக்களைக் காக்கும் வேலை; அதற்குரிய திறமை தம்மிடம் இருப்பதை மற்றவர் அறியாதபோது எடுத்துச் சொல்வது தற்புகழ்ச்சியன்று என்று குர்ஆன் விரிவுரையாளர்கள் விளக்கம் தந்துள்ளனர். பதவி ஆசையால் தலைமையைத் தேடுவது வேறு. தெரிந்த தொழிலைச் சொல்லி உழைப்பிற்கு இடம் கேட்பது வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். யூசுஃப் (அலை) அவர்கள் நபியின் மகன், நபியின் பேரர், இப்ராஹீம் (அலை) அவர்களின் கொள்ளுப்பேரர். அக்குடும்பப் பெருமையை அவ்விடத்தில் அவர்கள் எடுத்துரைக்கவில்லை. குறிப்பிட்ட ஒரு பணி, அப்பணிக்கு வேண்டிய இரண்டு தகுதிகள், அவ்வளவே. நம் கடிதங்களிலோ பாட்டனார் முத்தவல்லியாக இருந்ததும், மாமா அரபு நாட்டில் மேலாளராக இருப்பதும் இடம்பெற்றுவிடுகின்றன!

மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்துமாறு மத்யன் நகரத்துப் பெரியவரிடம் அவருடைய மகளார் பரிந்துரைத்த நிகழ்ச்சியும் திருமறையில் வருகிறது. வேலைக்கு அமர்த்தத் தக்கவர்களில் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உடையவர் என்பது அந்தப் பெண்மணியின் அளவுகோல். இன்றைக்கும் எந்த மேலாளரும் இந்த இரண்டைத்தான் தேடுகிறார். வேலை தெரியுமா? நம்பலாமா? கடிதத்தின் ஒவ்வொரு வரியும் இவ்விரண்டில் ஒன்றிற்கு விடையாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத வரியை அடித்துவிடலாம். 'கடின உழைப்பாளி', 'நேர்மையானவன்' என்னும் சொற்கள் விடையாகா. கிடங்கில் சரக்குக் கணக்கு ஆண்டு இறுதியில் பிசகாமல் நின்றது என்று சொன்னால், நேர்மை என்ற சொல்லை எழுதவே வேண்டியதில்லை.

நம்பகம் என்றதும் போலி அனுபவச் சான்றிதழ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பணம் கொடுத்தால் இல்லாத நிறுவனத்தின் பெயரில் இரண்டாண்டு அனுபவம் எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்பது ஒரு சமாதானம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்த செய்தியை நாம் வியாபாரிகளுக்கு மட்டும் உரியதாக ஆக்கிவிட்டோம். மேலே உலர்ந்த தாளும் உள்ளே ஈரமான உண்மையும் அதே குவியல்தான். உலக வழக்கிலும் அது நிலைக்காது: வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண்ணைக் கொண்டே முன்பு எங்கே வேலை செய்தீர்கள் என்பதை இன்று சரிபார்த்துவிடுகிறார்கள். பிடிபட்டவர் அந்த வேலையை மட்டுமன்று, அடுத்து வரும் நம் பிள்ளையின் வேலையையும் சேர்த்தே இழக்கிறார்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய சகோதரர்களுக்குத் தனியாகவே சில வரிகள் எழுத வேண்டும். சவூதி அரேபியாவில் உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் திட்டம் 2011இல் அறிமுகமாகி, 2013இல் ஏராளமானோர் ஊர் திரும்பினர். 2020இல் கொரோனா பெருந்தொற்று மீண்டும் பலரைத் திருப்பி அனுப்பியது. இவர்கள் தம் கடிதத்தில் 'வெளிநாட்டில் 8 ஆண்டு அனுபவம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எட்டு ஆண்டுகளின் வியர்வை ஒரு வரியா? நீங்கள் எந்த இயந்திரத்தில் நின்றீர்கள், உங்கள் கீழ் எத்தனை பேர் இருந்தனர், பாதுகாப்புப் பயிற்சி பெற்றீர்களா, பல நாட்டவரோடு சேர்ந்து வேலை செய்யும்போது எந்த மொழியில் பேசினீர்கள் என்பவை எல்லாம் கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றிற்குப் பயன்படுபவை. அங்குள்ள பல ஆலைகளில் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஜித்தாவில் நீங்கள் கற்றுக்கொண்ட உருது இங்கே ஒரு மேற்பார்வையாளருக்கு வேண்டிய தகுதி. அதை எழுதாமல் விடுகிறீர்கள். திரும்பி வந்த காரணத்தையும் மறைக்க வேண்டாம். ஒப்பந்தம் முடிந்தது, ஆள்குறைப்பு நடந்தது என்று நான்கு சொற்களில் கூறிவிடலாம்.

கடிதத்தின் தலைப்பில் 786 எழுதலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அந்த எண் பிஸ்மிக்கு ஈடாகாது என்று உலமாக்கள் பலர் கூறியிருக்கிறார்கள். பிஸ்மியை நாவால் ஓதி எழுதத் தொடங்குங்கள். அலுவலகக் கடிதத்தை அலுவலக முறைப்படி எழுதுங்கள் என்பதே என் கருத்து. பெறுபவரின் வழக்கத்தை மதிப்பது நம் மார்க்கத்திற்குப் புதியதன்று. நபி (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று தோழர்கள் தெரிவித்தனர். உடனே வெள்ளியில் முத்திரை மோதிரம் செய்யச் சொல்லி அணிந்துகொண்டார்கள். படிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே கடிதம் எழுதப்படுகிறது.

இன்றைய முத்திரை மின்னஞ்சலின் பொருள் வரிதான். அதை வெறுமையாக விட்டு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். என்ன பணி, உங்கள் பெயர், ஊர் மூன்றும் அங்கே இருக்கட்டும். இணைக்கும் கோப்பிற்கும் உங்கள் பெயரையே வையுங்கள். 'புதியது 2' என்று பெயரிட்டால் அது நூறு கோப்புகளுக்கிடையே தொலைந்துபோகும். மின்னஞ்சல் முகவரி பள்ளிக்கூட நாளில் விளையாட்டாக வைத்துக்கொண்டதாக இருந்தால், புதிதாக ஒன்றை உங்கள் பெயரில் தொடங்கிவிடுங்கள். தாளில் கொடுப்பதானால் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கையொப்பமும் தேதியும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எந்த மொழியில் எழுதுவது? விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில். ஆபரேட்டர், உதவியாளர், ஓட்டுநர் பணிகளுக்குப் பிழையற்ற தமிழ்க் கடிதம் தாராளமாகப் போதும். ஆங்கிலத்தில்தான் வேண்டுமென்றால் உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் எழுதி, பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இப்போது கைப்பேசியில் கேட்ட நொடியில் அழகான ஆங்கிலக் கடிதம் எழுதித் தரும் செயலிகள் வந்துவிட்டன. பிழை திருத்த அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. முழுக் கடிதத்தையும் அதனிடம் ஒப்படைத்தால், அதே கடிதத்தை உங்களுக்கு முன் பத்துப் பேர் அனுப்பியிருப்பார்கள். அதோடு, நேர்முகத் தேர்வில் அக்கடிதத்தின் சொல் ஒன்றுக்குப் பொருள் கேட்டால் என்ன செய்வீர்கள்?

ஜும்ஆத் தொழுகைக்கு அனுமதி வேண்டுமென்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடலாமா என்றும், சகோதரிகள் தலைமறைப்பைப் பற்றிக் குறிப்பிட வேண்டுமா என்றும் வினவுகிறார்கள். வேண்டாம் என்பேன். மார்க்கக் கடமையை மறைக்கச் சொல்லவில்லை. முகப்புக் கடிதம் நிபந்தனை பேசுமிடமன்று. வேலை நேரம் பற்றிய பேச்சு நேர்முகத் தேர்வில் தானாகவே வரும். வெள்ளிக்கிழமை உணவு இடைவேளையை ஒட்டி எவ்வளவு நேரம் தேவைப்படும், அதனை எப்படி ஈடு செய்வீர்கள் என்று தெளிவாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளும் மேலாளர்கள் உண்டு. பள்ளிவாசல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, ஜமாஅத் எத்தனை மணிக்கு என்பதை முன்னரே விசாரித்துக்கொண்டு செல்லுங்கள். 'கொஞ்ச நேரம்' என்பதைவிட 'நாற்பது நிமிடம்' என்பது கேட்பவருக்கு எளிது.

நம் மஹல்லாக்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி அலுவலர்கள், தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் பள்ளிவாசல் நூலகத்தில் ஒருவர் அமர்ந்து, இளைஞர்கள் எழுதிவரும் கடிதங்களைப் படித்துத் திருத்திக் கொடுத்தால் என்ன? பணச் செலவு எதுவுமில்லை. ஒரு மேசையும் சிவப்பு மையும் போதும். தாங்கள் எழுதித் தந்துவிட வேண்டாம், "இதை எங்கே செய்தாய் தம்பி? எத்தனை மாதம்? யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், கடிதம் அவர்களிடமிருந்தே வந்துவிடும்.

அனுப்பியபின் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு பழைய நோட்டில் தேதி, நிறுவனம், பணி, கொடுத்தவரின் பதவி ஆகியவற்றைக் குறித்து, கடிதத்தின் நகல் ஒன்றையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். பத்து நாள் கழித்து ஒரே ஒருமுறை தொலைபேசியில் விசாரியுங்கள். இரண்டு மாதம் சென்று திடீரென அழைப்பு வரும். என்ன எழுதினோம் என்பது அப்போது மறந்திருக்கும். கிளம்புமுன் அந்த நகலை ஒருமுறை படித்துவிட்டுச் செல்லுங்கள். மேசைக்கு அப்பால் இருப்பவர் கையில் அதே தாள்தான் இருக்கும். முதல் கேள்வியை அதிலிருந்தே கேட்பார்.